கழிக்கட்டு ஆட்சி: இத்தாலியில் பாசிசம் எழுந்த வகையும் வீழ்ந்த வகையும்

பழைய உரோம நாட்டில் ஆட்சித் தலைவர் தெருவிற் செல்லுங்கால் அவர்க்கு முன்னே ஏவலர் சிலர் ஒரு கட்டைத் தோளிற் சுமந்து நடப்பர். கழிகள் பலவற்றை ஒன்றாக அடுக்கி வாரால் இறுகப் பிணித்து ஒரு கோடரியைச் செருகியது அக் கட்டு. கழி அடித்தற்கு, கோடரி தலை கொய்தற்கு. அதன் இலத்தீன் பெயரினின்று பிறந்து, கட்டு என்றும் குழு என்றும் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்றே பாசிசம் என்னும் பெயர் தோன்றிற்று. பெயரிலேயே அடியும் வெட்டும் பொதிந்த ஆட்சிமுறை அது.

இப் பெயர் தமிழகத்தில் இருவேறு வகையிற் புழங்குகின்றது. தமிழ்மேற் பற்றுக்கொண்டு ‘கடை’ என்று பலகையில் எழுது, ‘வணக்கம்’ என்று வாயாற் சொல் என்று கூறுவோரையெல்லாம் பாசிசர் என்று பழிப்பார் ஒருசாரார். இன்னொரு சாராரோ தமிழன்பருள்ளேயே உளர். இனத்தின் உறக்கங் கண்டு உள்ளஞ் சலித்து, ‘இரும்புக் கையுடைய ஒருவன் வந்து தடியெடுத்தாலன்றி இந் நாடு திருந்தாது’ என்பர் அவர். முன்னவர் கூற்று அறியாப் பழி. பின்னவர் கூற்று அறியா விழைவு. இரண்டனையும் உரைத்துப் பார்த்தற்கு இத்தாலியின் வரலாறு ஏற்ற உரைகல்லாம். பாசிசம் பெயரும் உருவும் பெற்றது ஆங்கே. மொழித்தூய்மை என்னும் பெயரைத் தன் வாயில் இட்டுக்கொண்டதும், பிற மொழியினரின் நாவை அறுக்க முற்பட்டதும் அதுவே.

எழுந்த வகை

பெனிட்டோ முசோலினி 1883 இல் ஒரு கொல்லர்க்கும் ஒரு பள்ளியாசிரியைக்கும் மகனாகப் பிறந்தார். தாமும் ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிறிது காலம் பள்ளியிற் பணியாற்றினார். தொழிலாளர் சார்பான நிகரமைக் கட்சியின் நாளிதழுக்கு 1912 முதல் 1914 வரை ஆசிரியராக இருந்தார். முதல் உலகப் போரில் இத்தாலியும் இறங்க வேண்டும் என்று முழங்கியதால் அக் கட்சியினின்று விலக்கப்பட்டார். 1919 மார்ச்சு 23 ஆம் நாள் மிலான் நகரில் தம் புதிய குழுவைத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் அக் குழுவிற்கு நாடாளுமன்றத்தில் ஓரிடமும் கிட்டவில்லை. மிலான் நகரிலேயே அவர் பெற்ற வாக்கு 5,000-ஐ எட்டவில்லை.

மக்களால் இங்ஙனம் ஒதுக்கப்பட்டவர் மூன்றே ஆண்டுகளில் தலைமையமைச்சர் ஆனது எவ்வாறு? வரலாறு கற்பார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

போரில் இத்தாலியர் ஏறத்தாழ 6 இலக்கம் பேர் மாண்டிருந்தனர். மீண்டு வந்த படைஞர்க்கு வேலையில்லை. விலைவாசி ஏறிற்று. 1919, 1920 ஆகிய ஈராண்டும் வேலைநிறுத்தங்களால் நாடு குலுங்கிற்று. 1920 செப்டம்பரில் வடபுலத்துத் தொழிலாளர் ஆலைகளைத் தாமே கைப்பற்றிக் கொண்டனர். போ ஆற்றுப் படுகையில் உழவுக் கூலியாளர் அமைத்த கழகங்கள் நிலக்கிழாரை எதிர்த்து நின்றன. உடையவர் நெஞ்சில் அச்சம் புகுந்தது. அவ் வச்சமே முசோலினிக்கு முதலாயிற்று.

நிலக்கிழாரும் ஆலையுடையாரும் பணந்தந்தனர், ஊர்திகள் தந்தனர். கருஞ்சட்டையணிந்த குழுக்கள் இரவில் சரக்குந்துகளில் ஏறி ஊரூராய்ச் சென்றன. கூலியாளர் கழகங்களும் கூட்டுறவுக் கடைகளும் அச்சகங்களும் தீக்கிரையாயின. கழகத் தலைவரைப் பிடித்துத் தடியால் அடித்தனர். வாயைப் பிளந்து ஆமணக்கெண்ணெயை ஊற்றி ஊரறிய இழிவு செய்தனர். காவலரிற் பலர் கண்டும் காணார்போல் நின்றனர். படை அலுவலர் சிலர் படைக்கலமும் ஈந்தனர். முதலில் தாக்கப்பட்டவன் கூலியாளன். ஆகவே கற்றோரும் நடுத்தர வாழ்வினரும் ‘நமக்கென்ன’ என்றிருந்தனர். கொடுங்கோன்மை ஒரு நாட்டிற்குள் நுழையும் முதல் வாயில் ‘நமக்கென்ன’ என்னும் இச் சொல்லே.

இரண்டாம் வாயிலைத் திறந்தவர் சியோலிட்டி என்னும் முதுபெரும் அரசியலார். 1921 மே தேர்தலில் அவர் முசோலினி குழுவினரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டார். சில நாள் பயன்படுத்திப் பின் அடக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. 535 உறுப்பினர் கொண்ட அவையில் பாசிசர்க்கு 35 இடம் கிடைத்தது. தெருவில் தடியேந்தியவர்க்கு அவையில் இருக்கையும் மதிப்பும் வாய்த்தன. ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு பின்னர்க் குடைகின்றதே என்பார்க்கு அம் முதியவர் நற்சான்று.

மூன்றாம் வாயிலைத் திறந்தவர் மன்னரே. 1922 அக்டோபர் 27, 28 ஆகிய நாள்களில் கருஞ்சட்டையினர் பல்லாயிரவர் உரோம் நகரை நோக்கிப் புறப்பட்டனர். பலரிடம் ஒழுங்கான படைக்கலமில்லை. மழையில் நனைந்து பசியால் வாடினர். நகரைக் காத்து நின்றதோ பயின்ற அரசுப் படை. தலைமையமைச்சர் பாக்டா படையாட்சி ஆணையை எழுதி மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் நீட்டினார். மன்னர் ஒப்பமிட மறுத்தார். ஒரு கையொப்பம் விழாமையால் ஒரு நாட்டின் இருபதாண்டு வாழ்வு இருண்டது. படையெடுப்பின் தலைவர் என்று பின்னாளிற் புகழப்பட்ட முசோலினி அப்போது மிலானில் இருந்தார். மன்னர் அழைப்பு வந்தபின் இரவுத் தொடர்வண்டியிற் படுத்துறங்கி 30 ஆம் நாள் உரோம் வந்து சேர்ந்தார். இதனைத்தான் பெரும்புரட்சி என்று பள்ளிப் பிள்ளைகட்குப் பின்னர்க் கற்பித்தனர்.

நான்காம் வாயில் நாடாளுமன்றமே. அவ்வாண்டு நவம்பரில் 35 இடமே கொண்ட கட்சித் தலைவர்மேல் நம்பிக்கை தெரிவித்து 306 பேர் வாக்களித்தனர். எதிர்த்தவர் 116 பேர். 35 எங்கே, 306 எங்கே! எஞ்சிய வாக்குகளை அச்சமும் ஆசையும் அளித்தன.

வேரூன்றிய வகை

அரியணை ஏறியபின் சட்டமே கோடரியாயிற்று. நாலில் ஒரு பங்கு வாக்குடன் முதலிடம் பெறுங் கட்சிக்கு அவையில் மூன்றில் இரு பங்கு இடம் என்று 1923 இல் ஒரு சட்டம் இயற்றினர். 1924 ஏப்பிரல் தேர்தல் அச்சுறுத்தலின் நடுவே நடந்தது. அத் தேர்தலின் முறைகேடுகளை மே 30 ஆம் நாள் அவையில் எழுந்து ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார் மத்தியோத்தி என்னும் எதிர்க்கட்சி உறுப்பினர். சூன் 10 ஆம் நாள் அவர் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். ஆகத்துத் திங்களில் உரோமுக்கு வெளியே அவர் உடல் கிடைத்தது.

நாடு கொதித்தது. ஆட்சி ஆடிற்று. எதிர்க்கட்சியினர் அவையைவிட்டு வெளியேறி, மன்னர் முறைசெய்வார் என்று காத்திருந்தனர். மன்னர் வாய் திறக்கவில்லை. 1925 சனவரி 3 ஆம் நாள் முசோலினி அவையில் நின்று, நடந்தவை அனைத்திற்கும் தாமே பொறுப்பு என்று துணிந்து கூறினார். அப்போதும் அவரை எவரும் தொடவில்லை. அறைகூவலுக்கு விடை வாராதபோது கொடியவனுக்கு வழி முழுதும் திறந்துவிடுகின்றது. 1926 இல் பிற கட்சிகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன; அரசியல் வழக்கிற்கெனத் தனி முறைமன்றம் எழுந்தது. தூரின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமான கிராம்சி அவ்வாண்டே சிறைப்பட்டார். நோயுற்று 1937 இல் மறைந்தார்.

கற்றவர் நிலை என்ன? 1931 இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் ஆட்சிக்கு உண்மையாயிருப்பதாக உறுதிமொழி கூறவேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர் பன்னிருவர் அளவினரே. எஞ்சியோர் ஒப்பமிட்டுச் சம்பளம் பெற்றனர். 1938 இல் யூத இனத்து ஆசிரியரும் மாணவரும் பள்ளிகளினின்று துரத்தப்பட்டபோது, முன்பே தலைகுனிந்தார்க்கு நிமிர்ந்து கேட்க வலியில்லாது போயிற்று.

நாவின்மேல் விழுந்த கோடரி

தமிழன்பர் தனித்து நோக்கவேண்டிய பகுதி இது. முதல் உலகப் போரின் முடிவில் ஆசுத்திரியப் பேரரசினின்று இரு நிலப்பகுதிகள் இத்தாலிக்குக் கிடைத்தன. ஒன்று தென்திரோல் மலைநாடு. மக்கள் பெரும்பாலும் செருமன் மொழியினர். மற்றொன்று திரியெசுத்து நகரும் அதனைச் சூழ்ந்த பகுதியும். ஆங்கே சுலோவீனிய மொழியினர் பெருந்தொகையினர்.

1920 சூலை 13 ஆம் நாள், ஆட்சிக்கு வருமுன்னரே, பாசிசர் திரியெசுத்தில் சுலோவீனியரின் பண்பாட்டு இல்லமான நரோத்னி தோம் என்னும் பெருமாளிகைக்குத் தீயிட்டனர். ஆட்சிக்கு வந்தபின் 1923 இல் சென்டிலே என்னும் மெய்யியலார் கல்வியமைச்சராயிருந்து இயற்றிய சட்டத்தால், செருமன், சுலோவீனியப் பள்ளிகள் வகுப்புவகுப்பாக இத்தாலிய மொழிக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு சூலையில் தொலொமேய் என்பவர் பொல்சானோ நகரில் 32 கூறுகள் கொண்ட திட்டமொன்றை வெளியிட்டார். ஊர்ப்பெயர், தெருப்பெயர், பள்ளி, அலுவலகம் ஆகிய அனைத்தினின்றும் செருமன் மொழியை அகற்றுவதே அதன் நோக்கம். திரோல் என்னும் பெயரே தடைசெய்யப்பட்டது. குடும்பப் பெயர்களை இத்தாலியமாக்கும் ஆணைகளும் பின்தொடர்ந்தன. பாட்டன் பெயரைப் பேரன் இழந்தான். கல்லறைக் கல்லிற்கூடத் தாய்மொழி எழுத்துப் பொறித்தல் குற்றமாயிற்று.

மக்கள் என் செய்தனர்? காம்பர் என்னும் கிறித்தவக் குரு, இல்லந்தோறும் பள்ளியாகட்டும் என்னுங் கருத்தைப் பரப்பினார். பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் மறைவான பள்ளிகள் தோன்றின. பண்டைக் கிறித்தவர் ஒளிந்து வழிபட்ட நிலவறைகளின் பெயரால் அவற்றை நிலவறைப் பள்ளிகள் என்றனர். மறைவாகக் கொண்டுவரப்பட்ட அகரச் சுவடிகளை வைத்து இளம்பெண்கள் எழுத்துக் கற்பித்தனர். அவருள் ஒருவர் அஞ்செலா நிக்கோலெத்தி. சிறைப்பட்டு, கற்பித்த ஊரினின்றும் துரத்தப்பட்டு, நோயுற்று 1930 இல் மறைந்தபோது அவர்க்கு அகவை 25. இப் பள்ளிகட்குத் துணைநின்ற நோல்டின் என்னும் வழக்கறிஞர் இலிபாரித் தீவிற்குக் கடத்தப்பட்டார். ஆங்குப் பற்றிய நோயால் 1929 இல் இறந்தார். சுலோவீனியப் பாடற்குழு ஆசிரியர் உலோய்சே பிரத்தூசு என்பாரை 1936 திசம்பரில் பாசிசர் பிடித்து எந்திர எண்ணெயை வாயில் ஊற்றினர். தம் மக்களைத் தாய்மொழியிற் பாடச் செய்ததே அவர் குற்றம். இரு திங்களுக்குள் அவர் உயிர் பிரிந்தது.

கட்டாய இந்தியை எதிர்த்து 1938 இல் சென்னை மாகாணத்தில் சிறை புகுந்தோரையும், மறு ஆண்டு சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்த நடராசனையும் தாளமுத்துவையும் நினைப்பார்க்கு நிக்கோலெத்தி அயலாளாகத் தோன்றார்.

இனி, அவ் வாட்சி தன் மொழிக்குத் தான் என்ன செய்தது? அயற்சொல் எழுதிய கடைப்பலகைக்கு 1923 இல் வரி விதித்தது. 1938 இல் மரியாதை முன்னிலைச் சொல்லாகிய ‘லெய்’ என்பதை ஒதுக்கி ‘வோய்’ என்பதையே வழங்குமாறு பணித்தது. 1940 திசம்பரில் பெயர்ப்பலகையிலும் விளம்பரத்திலும் அயற்சொல்லைச் சட்டத்தால் தடுத்தது. அரசவைக் கழகம் மாற்றுச்சொற் பட்டியல்களை வெளியிட்டது. அதே ஆட்சி இத்தாலியரின் சொந்த வட்டார வழக்குகளையும் இதழ்களினின்று விலக்கச் சொல்லிற்று.

விளைவு என்ன? ஆட்சி வீழ்ந்ததும் ‘லெய்’ திரும்பி வந்தது. ‘பார்’, ‘பிலிம்’, ‘இசுபோர்ட்’ முதலிய அயற்சொற்கள் இன்றும் இத்தாலியர் நாவில் உள. ஆயினும் ஒன்று காண்க. மில்லியோரினி என்னும் மொழியறிஞர் அக் காலத்தே ஆக்கிய ‘அவுத்திசுதா’, ‘ரெசிசுதா’ என்னும் இரு சொற்கள் இன்றும் வாழ்கின்றன. முன்னது ஊர்தி ஓட்டுநரைக் குறிக்கும். பின்னது திரைப்பட இயக்குநரைக் குறிக்கும். அவை மொழியின் இயல்பறிந்து ஆக்கப்பட்டவை, சொல்ல எளியவை, ஆகவே மக்கள் ஏற்றனர். நல்ல சொல் தன் காலால் நடக்கும். ஆணையால் வந்த சொல் ஆணையோடு போகும்.

வீழ்ந்த வகை

1935 இல் முசோலினி எத்தியோப்பியாமேற் படையெடுத்தார். நச்சுப்புகை வீசி அந் நாட்டைக் கைக்கொண்டு 1936 மேயில் பேரரசு பிறந்ததாக முழங்கினார். மக்கள் பெருங்கூட்டமாய்த் திரண்டு ஆரவாரித்தனர் என்பதையும் மறைத்தலாகாது. வெற்றி தொடரும்வரை ஆரவாரமும் தொடரும். ஆனால் வெற்றியையே உணவாகக் கொண்ட ஆட்சி போரை நிறுத்தவியலாது. 1940 சூன் 10 ஆம் நாள் இட்லர் பக்கம் சேர்ந்து போரில் இறங்கிற்று இத்தாலி. கிரேக்கத்திற் பெற்றது தோல்வி. கிழக்கு ஆப்பிரிக்கா 1941 இல் பறிபோயிற்று. வட ஆப்பிரிக்கா 1943 மேயில் போயிற்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே தூரின் நகர ஆலைத் தொழிலாளர் தடையை மீறி வேலைநிறுத்தஞ் செய்தனர். இருபதாண்டு அடங்கியிருந்த குரல் ஆலைக்குள்ளிருந்தே எழுந்தது. சூலை 10 இல் நேசநாட்டுப் படை சிசிலியில் இறங்கிற்று. 19 இல் உரோமின்மேற் குண்டுகள் விழுந்தன.

சூலை 24 இரவு, 1939 க்குப்பின் கூடாதிருந்த பாசிசப் பேரவை கூடிற்று. படைத்தலைமையை மன்னர் திரும்பப் பெறவேண்டும் என்னுந் தீர்மானத்திற்கு 28 பேரில் 19 பேர் இசைந்தனர். முசோலினியின் மருமகனும் அவருள் ஒருவர். மறுநாள் மன்னர் அவரைப் பதவிநீக்கினார். அரண்மனை வாயிலில் நோயாளர் ஊர்தியொன்றில் ஏற்றிச் சிறைகொண்டு சென்றனர். உயிருள்ளவரை காப்போம் என்று உறுதிமொழி கூறிய கருஞ்சட்டைப் படை அவருக்காக எழவில்லை. அன்றிரவே மக்கள் தெருவில் இறங்கிக் கழிக்கட்டுப் பொறிகளைச் சுவரினின்று பெயர்த்தெறிந்தனர்.

எவர் கதவு திறந்து உள்ளே விட்டாரோ, அவரே கதவைச் சாத்தினார். ஆயினும் மன்னர் செய்தது காலங்கடந்த செயல். செப்டம்பர் 8 இல் போர்நிறுத்தம் வெளியானதும் அவர் தலைநகரைவிட்டு ஓடினார். செருமானியர் முசோலினியை மீட்டு வடபுலத்திற் பொம்மையாட்சி ஒன்றில் அமர்த்தினர். மேலும் இருபது திங்கள் இத்தாலி குருதி சிந்திற்று. யூதர் பல்லாயிரவர் சாவு முகாம்கட்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். மலைகளிலும் ஆலைகளிலும் தோன்றிய மக்கட் படைகள் 1945 ஏப்பிரலில் வடபுல நகரங்களை விடுவித்தன. செருமன் படையுடையில் ஒளிந்து சென்ற முசோலினி பிடிபட்டு 28 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவர் உடல் தலைகீழாய்த் தொங்கியது, 1919 இல் அவர் தொடங்கிய அதே மிலான் நகரில். 1946 சூன் 2 வாக்கெடுப்பில் மன்னராட்சியும் ஒழிந்தது. குடியரசுக்கு ஆதரவாக 1 கோடியே 27 இலக்கம் பேரும், மன்னருக்கு ஆதரவாக 1 கோடியே 7 இலக்கம் பேரும் வாக்களித்தனர்.

நிலைத்தவையும் நிலையாதவையும்

1948 இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியற் சட்டம், தன் 6 ஆம் பிரிவில், சிறுபான்மை மொழிகளைக் காத்தல் அரசின் கடன் என்று விதிக்கின்றது. தென்திரோலில் இன்று செருமன் மொழி இத்தாலியத்தோடு ஒப்ப ஆட்சிமொழி. ஆங்குள்ளோரில் பத்தில் ஏறத்தாழ எழுவர் அம் மொழியினர். எரிந்த நரோத்னி தோம் மாளிகையைச் சுலோவீனியர்க்கே திருப்பியளிக்க, தீயிட்ட நூறாம் ஆண்டு நிறைவாகிய 2020 சூலை 13 இல் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர் முன்னிலையில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. சட்டமும் படையும் சிறையும் கொண்டிருந்த ஆட்சி அழிந்தது. பரணில் ஒளித்து வைத்த அகரச்சுவடி நின்றது.

இவ் வரலாற்றைக் கற்றவன் இரும்புக் கையை விழையான். அக் கை முதலில் கூலியாளன் முதுகைத் தேடும். பின் எதிர்த்துப் பேசியவன் கழுத்தை. அதன்பின் பள்ளிப் பிள்ளையின் நாவை. தன் மொழிக்காக அதனை அழைத்தவனையும் அது விடாது. தன் மக்களின் வட்டார வழக்கையே பொறாத ஆட்சி எம் மொழியைத்தான் வாழவைக்கும்?

மொழிப்பற்றைப் பாசிசம் என்பாரும் இதனை அறியட்டும். 1916 இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின்னே தடியில்லை, தண்டவரியில்லை, அரசாணையில்லை. தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டதும் தம் எழுத்தைத் தாமே தூய்மை செய்துகொண்டதுமே அடிகள் காட்டிய வழி. தன் நாவைத் தான் திருத்துவது பற்று. பிறன் நாவை அறுப்பது பாசிசம். இவ் வெல்லைக்கோட்டைத் தனித்தமிழ் அன்பர் தம் நெஞ்சில் ஆழ வரைந்துகொள்ளல் வேண்டும். தமிழகத்தில் வாழும் பிறமொழிச் சிறுவன் தன் தாய்மொழியில் அகரம் எழுதுவதைக் கண்டு மகிழ இயலாதவன், தமிழ்ச் சிறுவனுக்கு அவ்வுரிமை கேட்கும் தகுதியை இழக்கின்றான்.

திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அச்சுறுத்தி ஆளுதலைத் தனியே பிரித்து ஓர் அதிகாரத்தால் விலக்கியது தமிழ் மரபு. அம் மரபில் வந்தார்க்குக் கழிக்கட்டும் கோடரியும் வேண்டா. ஏடும் எழுத்தாணியும் போதும். ‘நமக்கென்ன’ என்று வாளாவிராத நெஞ்சும் வேண்டும்.